கூம்பும் தட்டும்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெகுகாலம் நின்றிருந்த டி.வி. ஆன்டெனாவை இந்தப் போகிக்கு முந்தின வாரம் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். எடைக்குத்தான் விலை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் பாதி வளைந்தது. அதற்கும் முன்பே உபயோகம் போய்விட்டது. குழாய்களைக் கழற்றி மடக்கிக் கட்டிக்கொண்டே அவர், "இது எந்தப் பக்கம் பாத்து நின்னுது சார்?" என்று கேட்டார். வடக்கே, சென்னையைப் பார்த்து, என்றேன். அவருக்கு இது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று புரியவில்லை. ஆனால் ஓர் ஆன்டெனாவைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

அப்பா மாடியில் நின்று கம்பத்தைத் திருப்ப, நான் கீழே பெட்டிமுன் நின்று "இப்பத் தெரியுது, இப்பப் போச்சு" என்று கத்திய தலைமுறையின் கடைசி வரிசையில் இருக்கிறேன். அந்த ஆன்டெனா ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது. சாலையில் போகிற ஸ்கூட்டரின் இரைச்சலையும் பின்னாலிருந்து வருவதையும் வேண்டாமென்று தள்ளிவிட்டு, ஒரு திசையில், ஒரு அலைவரிசையில் மனத்தைக் குவித்து நிற்கிற கருவி. இதன் நேர் எதிர்க் கருவியைப் பற்றித்தான் இங்கு சொல்லப் போகிறேன். சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் கேட்கிற, அதோடு ஓர் அலைவரிசைக்குக் கட்டுப்படாமல் பரந்த ஒரு பட்டை முழுவதும் ஒரே மாதிரி நடந்துகொள்கிற ஆன்டெனா. இந்த இரண்டும் ஒருசேரக் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதுதான் அதன் நூற்றி இருபத்தைந்து வருஷத்துச் சரித்திரம்.

நான் பி.ஏ. ஆங்கிலம். பகலில் பாங்க் கவுண்டர். மின்காந்தவியல் என் தொழில் அல்ல. கவிதைக்கும் விமர்சனத்துக்குமான ஒரு பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இடம் இருப்பதாக எனக்குப் படாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊரிலிருந்து ஆற்றோரமாகக் கிழக்கே போனால் வீராம்பட்டினம். அங்கே விசைப்படகுகளில் கேபின் தலைமேல் வெள்ளைக் குச்சி ஒன்று நிற்கும். அதுதான் வி.எச்.எஃப். செட்டின் ஆன்டெனா. 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்கிறது. அலைநீளம் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. படகு அலையில் எப்பக்கமும் திரும்பும், ஆகவே திசை பார்க்கிற ஆன்டெனா அங்கே உதவாது. குச்சி செங்குத்தாக நிற்கிறது, சுற்றிலும் சமமாகப் பேசுகிறது, சமமாகக் கேட்கிறது. (பேசுவதும் கேட்பதும் ஆன்டெனாவுக்கு ஒரே கோலம். எந்தத் திசையில் நன்றாகப் பேசுமோ அந்தத் திசையில்தான் நன்றாகக் கேட்கும்.) திசைதோறும் அதன் வலு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாத ஓர் உருவத்தை அதைச் சுற்றி வரைந்தால், கிடைப்பது மெதுவடை. வடையின் ஓட்டையில் குச்சி செருகியிருக்கிறது. பக்கவாட்டில் கனம், மேலேயும் கீழேயும் ஒன்றுமில்லை. ஆக, 'எல்லாத் திசையும்' என்று நாம் சொல்வது அடிவானத்தைச் சுற்றிய எல்லாத் திசையையும்தான். நேர் தலைக்கு மேலே பறக்கிற விமானத்துக்கு இந்தக் குச்சி செவிடு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேல் கீழ் பக்கம் எல்லாம் முற்றிலும் சமமாகக் கேட்கிற ஆன்டெனா என்று ஒன்று கணக்கில் மட்டும் உண்டு. மற்ற ஆன்டெனாக்களின் வலுவை அதோடு ஒப்பிட்டுத்தான் டெசிபெல் சொல்கிறார்கள். ஆனால் ஒரே சீரான அலையை வைத்துக்கொண்டு அப்படி ஒன்றைக் கட்ட முடியாது என்பது நிரூபணமான விஷயம். எங்காவது ஓர் ஓட்டை இருந்தே தீரும். 'நடுநிலை' என்ற சொல்லை நம்மவர்கள் மதிப்புரைகளில் புழங்குகிறபோதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது.

சரித்திரத்துக்கு வருகிறேன். 1880களின் கடைசியில் ஹெர்ட்ஸ் தீப்பொறியைத் தாவவிட்டு அலைகளை உண்டாக்கியபோது ரேடியோ பிறவியிலேயே பரந்த பட்டையாகத்தான் இருந்தது. பொறி என்பது எல்லா அலைவரிசைகளையும் ஒன்றாக வாரி இறைப்பது. நம் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் ஐந்து மில்லிமீட்டர் அலைகள்வரை கையாண்டு, 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் புனல் வடிவ வாயோடு காட்டிய கருவிகள் பிரசித்தம். அந்தப் புனல் பரந்த பட்டைதான், ஆனால் ஒரு பக்கம் பார்ப்பது. நம் கதைக்கு வேண்டியவர் ஆலிவர் லாட்ஜ். 1898 ஆகஸ்ட் 16ஆம் தேதி அவருக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட 609,154ஆம் எண் காப்புரிமையின் படங்களில் இரண்டு கூம்புகள் உச்சியோடு உச்சி சேர்ந்து நிற்கின்றன. இன்று இரட்டைக் கூம்பு ஆன்டெனா என்று பாடப்புத்தகங்களில் இருப்பது அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காப்புரிமையின் நோக்கம் பட்டையை விரிப்பதல்ல. அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் ஒரே சுருதிக்குக் கூட்டுவது, அதாவது டியூனிங். எல்லோரும் ஒரே சமயத்தில் பொறி தட்டினால் எதுவும் எவருக்கும் கேட்காது. ஆளுக்கொரு சுருதி என்று பிரித்துக்கொண்டால்தான் ரேடியோ பிழைக்கும் என்று லாட்ஜ் சரியாகவே கண்டார். உலகம் சுருதியை எடுத்துக்கொண்டது, கூம்பை விட்டுவிட்டது. ஒரே சுருதிக்கு ஒரு கம்பி போதுமே, கூம்பு எதற்கு? மார்க்கோனியும் இங்கிலாந்தின் போல்டுவில் 20 கம்பங்களை வட்டமாக நட்டுத் தலைகீழ்க் கூம்பு வடிவத்தில் கம்பிகளைத் தொங்கவிட்டிருந்தார். 1901 செப்டம்பரில் புயல் அதைச் சாய்த்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே விசிறிபோல் கம்பிகளைக் கட்டி அவசரமாகச் சமாளித்தார்கள். டிசம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது அந்த விசிறியிலிருந்து. பிறகு நாற்பது வருஷத்துக்கு உயரமும் நீளமும்தான் பெரிது. இருபது வருஷத்துக்குப் பின் பிரித்துவிடலாம் என்ற நிபந்தனையோடு 1889இல் எழுந்த ஈபில் கோபுரம் பிழைத்ததே ஆன்டெனாக் கம்பமாக உதவியதால்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஞாபகத்தை விற்பவர்கள் மஞ்சள் சுவரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த மாதிரி விஷயங்கள் அவர்களுக்கு வேண்டியதில்லை.

கூம்பைத் திரும்ப எடுத்தது தொலைக்காட்சியும் யுத்தமும். படம் அனுப்ப பேச்சு அனுப்புவதைவிடப் பல நூறு மடங்கு அகலமான பட்டை வேண்டும். மெல்லிய கம்பி தன் நீளத்துக்கு ஏற்ற ஒரு சுருதியில்தான் நன்றாக வாங்கும். அலையில் பாதி நீளமுள்ள கம்பி நடுவில் 73 ஓம் காட்டும், சுருதி கொஞ்சம் விலகினால் அந்த எண் ஓடிவிடும், கொடுத்த மின்சாரம் திரும்பி வரத் தொடங்கும். கம்பியைத் தடித்த குழாயாக்கினால் பிடிவாதம் குறைகிறது. தடிப்பை நுனிக்கு நுனி வளர்த்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது கூம்பு. 1930களின் பிற்பாதியில் ஆர்.சி.ஏ. கம்பெனியின் கார்ட்டர் கூம்புக்கு மீண்டும் வந்து சேர்ந்தார், லாட்ஜ் வந்த அதே இடத்துக்கு.

ஏன் கூம்பு என்பதற்கு 1941இல் பெல் ஆய்வகத்தின் ஷெல்குனோஃப் கொடுத்த விளக்கம் அழகானது. முடிவே இல்லாத ஒரு கூம்பை எண்ணிக்கொள்ளுங்கள். அதைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் அதே கூம்பு. அதற்கு நீளம் என்று ஒன்று கிடையாது, கோணம் மட்டும்தான். நீளம் இல்லாத பொருளைப் பார்த்து ஒரு மீட்டர் அலையும் பத்து மீட்டர் அலையும் வித்தியாசம் காண வழியில்லை. இரண்டுக்கும் அது ஒன்றே. ஆகவே எல்லா அலைவரிசையிலும் ஒரே எண். சமதளமான உலோகப் பரப்பின் மேல் உச்சி கீழாக நிற்கிற கூம்புக்கு, அச்சிலிருந்து பக்கம்வரை 47 பாகை இருந்தால், அந்த எண் 50 ஓம், சாதாரணக் கேபிளின் அதே 50 ஓம். 1957இல் ரம்ஸி இதைப் பொதுவிதியாகவே சொன்னார்: கோணங்களால் மட்டும் வரையறுக்கப்படும் எந்த உருவமும் அலைவரிசையைப் பொருட்படுத்தாது. ஆனால் முடிவற்ற கூம்பை யார் கட்டுவது? எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய இடத்தில் நீளம் என்ற விஷயம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

வெட்டிய கூம்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஆர்மிக் கண்டோயன். 1943இல் விண்ணப்பித்து 1945 பிப்ரவரியில் அவர் பெற்ற காப்புரிமை டிஸ்கோன் எனப்படுவதற்கானது. ஒரு கூம்பு, அதன் உச்சிக்கு மேல் சிறு இடைவெளி விட்டு ஒரு தட்டு. விமானங்களோடு பேசுகிற வேலைக்கு வந்தது. இன்றும் கட்டுப்பாட்டுக் கோபுரங்களின் அருகில் பார்க்கலாம். செய்து பார்க்க விரும்பும் நண்பருக்கு: 60 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே வேண்டுமென்றால் அலைநீளம் 5 மீட்டர், கூம்பின் சாய்வு நீளம் அதில் கால் பங்குக்குச் சற்று மேல், அதாவது 1.25 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. கூம்பின் முழுக்கோணம் 60 பாகை என்று வைத்துக்கொண்டால் அடிவட்டத்தின் விட்டமும் சாய்வு நீளமும் ஒன்றாகிவிடும். தட்டின் விட்டம் அதில் பத்தில் ஏழு. தகடு வேண்டியதில்லை, எட்டோ பதினாறோ கம்பிகளைக் கூடைபோல் விரித்தால் காற்றும் போகும், அலைக்கும் வித்தியாசம் தெரியாது.

இப்படிக் கட்டி மீட்டரை வைத்துப் பார்த்தால் 60இல் தொடங்கிப் பல நூறு மெகாஹெர்ட்ஸ்வரை முள் நல்ல பிள்ளையாக நிற்கும். பலரும் இங்கேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். அந்த மீட்டர் பார்ப்பது கொடுத்த மின்சாரம் திரும்பி வருகிறதா என்பதை மட்டும்; போனது எங்கே போனது என்று அது பார்ப்பதில்லை. 50 ஓம் மின்தடை ஒன்றைக் கேபிள் நுனியில் வைத்தாலும் முள் அப்படியேதான் நிற்கும், ஒரு துளி அலைகூட வெளியே போகாது. (பாங்க் வேலையில் இதற்கு இணையான கடன் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். பேரேட்டில் எல்லாம் ஒழுங்கு. பணம் மட்டும் எங்கே போனதென்று கேட்கக் கூடாது.)

கோலம் என்ன ஆகிறது? மெல்லிய கம்பியின் கதையை எடுத்துக்கொண்டால் தெளிவாக இருக்கும். அரை அலை நீளத்தில் அது மெதுவடை. அதே கம்பியை அப்படியே வைத்துக்கொண்டு அலைவரிசையை ஏற்றிக்கொண்டே போனால் வடை முதலில் தட்டையாகிறது, பிறகு மேலும் கீழுமாகச் சிறு மடல்கள் முளைக்கின்றன, கம்பி இரண்டு முழு அலை நீளம் ஆகும்போது, எந்தப் பக்கவாட்டில் அது மிக நன்றாகக் கேட்டதோ அங்கே சுத்தமாகச் செவிடாகிறது. கம்பியின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து கிளம்பும் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுதான் காரணம். டிஸ்கோன் இந்த அளவுக்குக் கெட்டுப்போவதில்லை என்றாலும், தொடக்க அலைவரிசையைப்போல் மூன்று நான்கு மடங்கு போகையில் அதன் வடையும் உடைகிறது, சாய்கிறது. சுற்றுவட்டத்தில் சமமாகத்தான் இருக்கும், ஏனென்றால் உருவம் உருண்டை. உயரவாட்டில் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு கோலம். ஆக, 'பரந்த பட்டை' என்பதில் இரண்டு பட்டைகள் உண்டு: மீட்டரின் பட்டை, கோலத்தின் பட்டை. முதலாவது பெரியது, விளம்பரத்தில் வருவது. இரண்டாவது சிறியது, யாரும் பேசாதது.

படகுக்காரருக்கும் விமான நிலையத்துக்கும் இது பெரிய நஷ்டமில்லை. யாருக்கு இது உயிர்நாடி என்பது நம் பக்கத்து மாநிலத்தில் தெரியவந்தது.

ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலையில் முனகும் என்று 1944இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த ஹாலந்தில், வான் டெ ஹுல்ஸ்ட் கணித்தார். 1951இல் ஹார்வர்டில் யூவனும் பர்சலும் ஜன்னலுக்கு வெளியே புனல் ஒன்றை நீட்டிக் கேட்டார்கள். முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய காலத்தில் பிரபஞ்சமெங்கும் இருந்த ஹைட்ரஜன், பின்புலக் கதிர்வீச்சில் ஒரு சிறு பள்ளத்தைப் பறித்திருக்க வேண்டும். பிரபஞ்சம் விரிந்ததில் அந்த 21 சென்டிமீட்டர் அலை இன்று மீட்டர் கணக்கில் நீண்டு வந்து சேர வேண்டும். வருவது ஒரு திசையிலிருந்து அல்ல, எல்லாத் திசையிலிருந்தும். எந்த அலைவரிசையில் வரும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. எனவே வேண்டியது நம் கூம்புதான். 2018 மார்ச்சில் ஜட் பௌமன் குழுவினர், மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைப்பகுதியில் வைத்த எட்ஜஸ் என்ற கருவியால் 78 மெகாஹெர்ட்ஸில் அந்தப் பள்ளத்தைக் கண்டதாக நேச்சர் பத்திரிகையில் அறிவித்தார்கள். 18 மடங்கு நீண்டு 3.8 மீட்டரான அலை. ஆழம் அரை கெல்வின். எவரும் எதிர்பார்த்த அதிகபட்சத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். கோட்பாட்டாளர்களுக்குக் கொண்டாட்டம், கரும்பொருள் அந்த வாயுவைக் குளிர்வித்திருக்க வேண்டும் என்று அதே இதழிலேயே விளக்கம் வந்தது. பிறகு கட்டுரைகள் குவிந்தன.

அரை கெல்வின் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். அந்தப் பட்டையில் நம் பால்வீதியின் இரைச்சல் மட்டும் ஆயிரம், இரண்டாயிரம் கெல்வின். பால்வீதியின் நடுப்பகுதி தலைக்கு மேல் வந்தால் அதைவிடப் பல மடங்கு. இரண்டாயிரம் ரூபாய்க் கணக்கில் ஐம்பது காசு. அந்த ஐம்பது காசுக்காக ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு இதன் கஷ்டம் தெரியும். இப்போது ஆன்டெனாவின் கோலம் அலைவரிசையோடு கொஞ்சம் நெளிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. பால்வீதி ஒரு பக்கமாக எரிகிறது. 70இல் பால்வீதியின்மேல் கொஞ்சம் அதிகம் விழுந்த மடல் 78இல் கொஞ்சம் விலகினால், வந்த கணக்கில் 78இல் ஒரு பள்ளம் தெரியும். அது வானத்தில் இல்லை. ஆன்டெனாவில் இருக்கிறது.

வீராம்பட்டினத்தில் ஆடி ஐந்தாம் வெள்ளி செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கத்தை இன்று துணைநிலை ஆளுநர் தொடர்கிறார். அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒருவன் நிற்கிறான், அவன் காதுக்கு ஒரு வினோத வியாதி: தணிந்த ஒலிகள் எல்லாப் பக்கமிருந்தும் கேட்கும், உச்ச ஒலிகள் கிழக்கேயிருந்து மட்டும் கேட்கும். நாதஸ்வரக்காரர்கள் மேற்கே நிற்கிறார்கள். வீட்டுக்குப் போய் அவன் சொல்வான்: இந்த வருஷம் தவில் மட்டும்தான், நாதஸ்வரமே இல்லை. அவன் பொய் சொல்லவில்லை. எண்களோடுகூட நிரூபிப்பான்.

பெங்களூரில், 1948இல் சி.வி. ராமன் தொடங்கிய ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், ரவி சுப்ரமணியன், என். உதய சங்கர் முதலியோர் பல வருஷங்களாகக் கட்டிவந்த கருவியின் பெயர் சாரஸ். முதலாவது தடித்த இருமுனை, இரண்டாவது தட்டின் மேல் கோளம், மூன்றாவது தட்டின் மேல் கூம்பு. அதாவது கண்டோயனைத் தலைகீழாக்கிய உருவம். அதைப் படிக்கையில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று. ஆன்டெனாவை எப்போதும் அதன் சுருதிக்கு ஏற்ற அளவில்தான் கட்டுவார்கள்; அப்போதுதான் அதிகம் வாங்கும். இவர்கள் வேண்டுமென்றே சிறியதாக, பட்டையின் எந்த அலைக்கும் கால் நீளம் எட்டாதபடி கட்டினார்கள். சிறிய ஆன்டெனா கொஞ்சமாகத்தான் வாங்கும். வந்ததில் கணிசமான பங்கு வீணாகும். ஆனால் அதன் வடை நெளியாது. பட்டை நெடுகிலும் அதே வடை. அதிகம் கேட்பதா, தன் வடிவத்தைக் கலக்காமல் கேட்பதா என்ற கேள்விக்கு இரண்டாவதைத் தேர்ந்தார்கள், முதலாவதை இழப்பது எவ்வளவு என்று அளந்து தெரிந்துகொண்டே.

அடுத்தது தரை. ஆன்டெனா தரைமேல் நிற்கிறது. தரைக்குள் இறங்கும் அலை ஓர் அடுக்கில் மோதித் திரும்பி வந்தால், நேராக வந்ததோடு கூடியும் கழித்தும் அலைவரிசை நெடுக மேடுபள்ளம் உண்டாக்கும். அடுக்கின் ஆழத்துக்கேற்ற ஒழுங்கோடு வரும், ஆகவே நிஜம்போலவே இருக்கும். எட்ஜஸ் அதன் கீழே உலோக வலை விரித்திருந்தது. அந்த வலையும் அடியிலுள்ள மண்ணும் சேர்ந்தே இப்படி ஒரு பள்ளத்தை உண்டாக்க முடியும் என்று 2019இல் பிராட்லி குழுவினர் எழுதினார்கள். எங்கள் ஊர்த் தரையை நினைத்துப் பார்க்கிறேன். காக்காயன்தோப்பு அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியது முழுக்க அடுக்குகளைப் படிக்கும் வித்தைதான். எந்த அடுக்கில் இத்தாலிய அரட்டைன் பாண்டம், எந்த அடுக்கில் உள்ளூர்ப் பானை என்பதை வைத்துத்தான் தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு தேதி கிடைத்தது. செங்கல், களிமண், மணல், ஆற்றுப்படிவு. அகழ்வாய்வாளனுக்குச் செல்வம். வானத்தைக் கேட்க வந்தவனுக்கு ஒவ்வோர் அடுக்கும் ஒரு பொய்ச்சாட்சி.

சாரஸ்காரர்கள் தரையையே விட்டுவிட்டார்கள். 2020இன் முதல் மாதங்களில் கூம்பை ஒரு மிதவையில் ஏற்றி, கர்நாடகத்தில் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி அணையின் பின்நீரிலும் மிதக்கவிட்டார்கள். நீர் ஆழம்வரை ஒரே பொருள், அடுக்கு கிடையாது. மின்கடவு எண் 80ஐ ஒட்டி, மண்ணைவிடப் பல மடங்கு, ஆகவே நன்றாகத் திருப்பியும் அனுப்பும். ஊர்களின் எஃப்.எம். இரைச்சலிலிருந்தும் தூரம். 2022 பிப்ரவரியில் நேச்சர் அஸ்ட்ரானமியில் முடிவு வந்தது: 55 முதல் 85 மெகாஹெர்ட்ஸ்வரை பார்த்தோம், எட்ஜஸ் சொன்ன பள்ளம் இல்லை, 95.3 சதவீத நிச்சயத்தோடு. வழுவழுப்பான வளைவு, அவ்வளவுதான். அதே வருஷம் ஹாரி பெவின்ஸ் குழுவினர் அந்த 'ஒன்றுமில்லை'யை வைத்தே, முதல் விண்மீன் மண்டலங்கள் ரேடியோவில் எவ்வளவுக்குமேல் பிரகாசித்திருக்க முடியாது என்று எல்லை வகுத்தார்கள்.

இந்தியாவில் தூரதர்ஷனுக்கு இருந்த கீழ்ப்பட்டை 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ். அதாவது நம் மொட்டை மாடி ஆன்டெனாக்கள் பலவும், சாரஸ் கேட்ட அதே பட்டையில்தான் காது வைத்திருந்தன. நிகழ்ச்சி முடிந்து திரையில் கொட்டிய புள்ளி மழையில் பால்வீதிக்கும் ஒரு பங்கு உண்டு. எங்களுக்குத் தெரியாது, அப்பா பெட்டியை அணைத்துவிடுவார்.

ஒன்றும் காணாத வானியலாளர் என்றால் இந்த ஊரில் லெ ஜாந்தீயைத்தான் சொல்வார்கள். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760இல் பிரான்ஸை விட்டுக் கிளம்பினார். யுத்தத்தால் பாண்டிச்சேரியில் இறங்க முடியாமல் 1761இல் ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்ததால் அளவு பயன்படவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து, ஆங்கிலேயர் இடித்துப் போட்ட கோட்டையின் சிதைவின்மேல் மேடை கட்டி, 1769 ஜூன் 4 காலை தொலைநோக்கியோடு உட்கார்ந்தார். மேகம். கடப்பு முடிந்தபின் வானம் தெளிந்தது. ஊர் திரும்பினால் இறந்தவராகக் கருதிச் சொத்தைப் பங்கு போடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை ஒரு சோகக்கதையாகவே சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். இங்கிருந்த நாளில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணிப்பு முறையை அவர் கற்றுக்கொண்டு போய் எழுதிவைத்தது இந்தச் சோகத்தில் அடிபட்டுப்போகிறது. எனக்கு இங்கே வேண்டியது வேறு. லெ ஜாந்தீயின் வெறுமையும் சாரஸின் வெறுமையும் ஒன்றல்ல. முதலாவது, பார்க்க முடியவில்லை. இரண்டாவது, பார்த்தாயிற்று, இல்லை. இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் தன் கருவியின் கோலத்தை மூலைமுடுக்கெல்லாம் அளந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேகத்தையே வானம் என்று எழுதிவிடுவோம்.

இனி என் கணக்கு. மூன்று வருஷத்துக்குமுன் ஒரு சிறுபத்திரிகையில் ஒரு முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அதில் 'நகர மனிதனின் அந்நியமாதல்' கண்டேன்; ஆழமாகவே கண்டேன், மேற்கோள்களோடு. தொகுப்பின் ஆசிரியர் ஒரு மீன்பிடித் துறையைச் சேர்ந்தவர். அந்நியமாதல் இருக்கக் கூடாதென்றில்லை. ஆனால் அந்த வருஷம் நான் எழுதிய மற்ற மூன்று மதிப்புரைகளையும் சமீபத்தில் எடுத்துப் பார்த்தபோது, நான்கு வெவ்வேறு ஊர்க்காரர்களின் நான்கு புஸ்தகங்களிலும் அதே இடத்தில் அதே பள்ளம். பி.ஏ. மூன்றாம் வருஷத்தில் நான் படித்த இங்கிலீஷ் நவீனக் கவிதைகள் எனக்குள் எந்தப் பக்கம் மடல் விரித்து வைத்தனவோ அந்தப் பக்கத்துச் சத்தம் அது. அந்தத் தொகுப்பை வேறொரு நண்பர் படித்துவிட்டு, அதில் முக்கால்வாசி வலையைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் அல்லவா இருக்கிறது என்றார். நான் அப்போது அதை ரசனைக் குறைவு என்று நினைத்தேன்.

வாசகனுக்குப் பார்வையே இருக்கக் கூடாது என்று இதற்குப் பதில் சொல்ல வருகிறவர்கள் வடையின் ஓட்டையை மறந்துவிடுகிறார்கள். பார்வை இருக்கும். அது எங்கே செவிடு, எந்தச் சுருதியில் எப்படி நெளிகிறது என்று அளந்து வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. சிறுபத்திரிகை விமர்சனத்தில் நாம் பெருமைப்படுவது கூர்மையை, அதாவது ஒரு பக்கம் குவிகிற மடலை. அதற்கு இடம் உண்டு; சென்னை நிகழ்ச்சி தெரிய வேண்டுமென்றால் சென்னையைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் எங்கிருந்து வருமென்று தெரியாத ஒரு புதுக் குரலுக்கு அது சரியான கருவி அல்ல. அங்கே குறைவாக வாங்குகிற, நெளியாத, சிறிய கூம்புதான் வேண்டும். 'இதில் நான் தேடியது இல்லை' என்று எழுதுகிற துணிச்சலும் வேண்டும். நாற்பது வருஷத்துச் சிறுபத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்தால் அந்த வாக்கியம் எத்தனை மதிப்புரைகளில் இருக்கும்?

அந்த மதிப்புரையை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தொகுப்பு என்னிடம் இருக்கிறது, ஓரங்களில் அப்போது கிறுக்கிய பென்சில் குறிப்புகளோடு. அவற்றை அழித்துவிட்டு மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். இடம் கொடுத்தால் அடுத்த இதழுக்கு எழுதுகிறேன்.